ரப்பர் வளையம்

பேருந்தில் ஓட்டுநர் இருக்கைக்கு மட்டும்
அடியில் காற்றுப் பை உண்டு.
பின்னால் இருப்பவர்களுக்குத் தகரமும்
அவரவர் எலும்பும்.
பிளைனை ஃபெஸ்டினியோகிலிருந்து லான்டிட்னோ வரை
பதினொரு வருடமாய் ஓட்டுகிறேன்,
ஒரு பள்ளத்தையும் நேரில் அறிந்ததில்லை.
மூன்றாம் வரிசையில் திருமதி ப்ரோதரோ
"அம்மாடி" என்பார்.
சரி, பாலம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

அதனால்தான் இந்தக் குழப்பம்.
சைக்கிள் வாங்கப் போனவள்
மூன்று வாரமாய் மதில்மேல் பூனை.

டெகிட்டின் கடையில் இரண்டு நிற்கின்றன.
ஒன்று ஹார்ட்டெயில்:
முன்னால் ஷாக், பின்னால் வெறும் அலுமினியம்,
முகத்தில் சிரிப்பும் இடுப்பில் கறாருமாக.
மற்றது ஃபுல் சஸ்பென்ஷன்:
நடுவயிற்றில் இன்னொரு ஷாக்,
எலும்புக்கு எலும்பு மூட்டு,
மூட்டுக்கு மூட்டு பேரிங்,
விலையில் எங்கள் வீட்டு பாய்லர் ஒன்று கூடுதல்.
பாய்லரோ இந்தக் குளிர்காலம் தாங்கமாட்டேன் என்று
இருமிக்கொண்டிருக்கிறது.

சனிக்கிழமை வாடகைக்கு முதலாவது.
எங்கள் ஊரைச் சுற்றி
மலை எது, சுரங்கம் கொட்டிய கழிவு எது என்று
மழையில் தெரியாது.
அத்தனையும் உடைந்த சிலேட்டு,
ஒரு தேசத்துப் பிள்ளைகள் எல்லாரும்
ஒரே நாளில் கீழே போட்டுவிட்டு ஓடியதுபோல.
அந்தச் சரிவில் ஹார்ட்டெயில்
ஒரு கல்லையும் மறைக்கவில்லை.
ஒவ்வொன்றும் குதிகால் வழியாக ஏறி
கடைவாய்ப் பல்லில் கையெழுத்துப் போட்டது.
முழங்கால்தான் ஸ்பிரிங், தொடைதான் எண்ணெய்.
நான்காம் வளைவில் ஒரு வேர்
பின்சக்கரத்தை எட்டி உதைத்தது;
விழவில்லை.
விழாமல் போனதற்கு
இவ்வளவு கர்வப்படலாம் என்று தெரியாது எனக்கு.
கீழே வந்து கோப்பையைப் பிடித்தபோது
தேநீர்தான் நடுங்குகிறது என்று நினைத்தேன்.
பாதை முழுக்க மனப்பாடம்.
இரவு சாக்ஸ் கழற்ற
இத்வால் வரவேண்டியிருந்தது.

ஞாயிறு.
அதே சரிவு, அதே மழை, மற்றது.
வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.
வேர் வந்தது. வந்ததா?
கற்படிகள் வந்தன,
காலடியில் யாரோ பெருமூச்சு விட்டதுபோல் இருந்தது, அவ்வளவுதான்.
ஏற்றத்தில் மட்டும்
என் மிதியில் கால்வாசியை அதுவே தின்றது.
நான்கு நிமிடம் முன்னதாகக் கீழே நின்று
திரும்பிப் பார்த்தேன்:
எதன்மேல் வந்தேனோ,
ஒரு கல்கூட நினைவில் இல்லை.
சாக்ஸை நானே கழற்றினேன்.

"நாற்பத்தாறு வயதில்
முதுகோடு என்ன பந்தயம்?" என்றான் இத்வால்.

இருந்தும் ஹார்ட்டெயில்தான் என்று முடிவு செய்தேன்.
வாரம் ஆறு நாள் மிதந்து போகிறவள்
ஒரு நாளாவது தரையில் போகவேண்டாமா?
விலை குறைவு,
மூட்டுக்குள் மணல் புகாது,
உள்ளதை உள்ளபடி சொல்லும்.
பேசிப் பேசி
அதை ஓர் அறமாகவே ஆக்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை சீருடையோடு போய் நின்றேன்.
"காலையில்தான் போச்சு" என்றான் டெகிட்.
ரயில்பாதை வேலைக்கு வந்த ஒருவன்,
பேரம்கூடப் பேசவில்லையாம்.
இன்னொன்று வர மே மாதம் ஆகும்.

வருத்தப்பட வாயைத் திறந்தேன்.
உள்ளே ஏதோ
ஒரு விரற்கடை அமிழ்ந்து,
மெல்ல மேலே வந்து நின்றது.
வருத்தம் இல்லை அது.

பாய்லருக்கு யார் சொல்வது என்று யோசித்தபடி
மற்றதில் ஏறி உட்கார்ந்தேன்.
"எடை?"
"எழுபத்திரண்டு" என்றேன்,
கடையில் வேறு யாரும் இல்லாதபோதும்
தணிந்த குரலில்.
அதற்கேற்பக் காற்றடித்தான்.
ஷாக்கின் தண்டில் சின்னதாக ஒரு ரப்பர் வளையம்.
நான் உட்கார்ந்ததும் இறங்கியது;
எழுந்த பிறகும்
இறங்கிய இடத்திலேயே நின்றது.

டெகிட் குனிந்து அளந்தான்.
என்னைப் பார்க்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை.
இன்னும் கொஞ்சம் காற்றடித்தான்.